துண்டும் பற்றுச்சீட்டும்

வேலை கேட்டு வந்து நிற்கும் ஒருவனைப் பற்றி, அவன் யார், எந்த ஊர், இதற்கு முன் யாரிடத்தில் இருந்தான், அங்கிருந்து ஏன் வந்தான் என்று விசாரித்தறிந்த பிறகே அவனுக்கு வேலை கொடுப்பது என்பது, கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளும் வழக்கம் தோன்றிய நாளிலிருந்தே எஜமானர்களிடம் இருந்துவரும் சுபாவம். கிராமத்தில் அதற்குப் பத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. பண்ணைக்கு வருகிறவனுடைய பாட்டனையும், பாட்டன் பட்ட கடனையுங்கூட மிராசுதார் அறிந்திருந்தார். அறியாத ஊரிலிருந்து அறியாத மனிதர்கள் கூட்டங்கூட்டமாக வேலைக்கு வந்து சேரும் காலம் பிறந்தபோதுதான், ஒருவனுடைய பூர்வோத்தரத்தைக் காகிதத்தில் எழுதி அவன் கையிலேயே கொடுத்தனுப்பும் ஏற்பாடு அவசியமாயிற்று. அந்தக் காகிதத்தை யார் எழுதுவது, அதில் எதை எழுதுவது, எழுதப்பட்டவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இடமுண்டா என்ற கேள்விகளும் அதனோடு உடன் பிறந்தன. நம்மவர்களில் பல லட்சம் பேருடைய வாழ்க்கையே இந்தக் கேள்விகளில் சிக்கிக் கிடந்த இடம் ஒன்று உண்டு. இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களே அது. அங்கே ‘துண்டு’ என்ற பெயரால் வழங்கிய ஒரு சிறு காகிதத்தின் சரித்திரத்தைத் தமிழர்கள் மறந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஐரோப்பாவில் இது எப்படி இருந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வீட்டு வேலைக்காரர் ஓரிடத்தை விட்டு மற்றோரிடம் போகும்போது பழைய எஜமானரிடமிருந்து நற்சாட்சிப் பத்திரம் கொண்டுபோவது வழக்கமாக இருந்தது. பொய்ப் பத்திரங்கள் மலிந்துவிட்டபடியால், அவற்றை எழுதுவோரையும் காட்டுவோரையும் தண்டிப்பதற்கென்று 1792இல் ஒரு சட்டமே செய்தார்கள். பிரான்சில் காரியம் இன்னும் கடுமையாக இருந்தது. நெப்போலியன் முதற் கான்ஸலாக அதிகாரம் செலுத்திய 1803ஆம் ஆண்டில், தொழிலாளி ஒவ்வொருவனும் ‘லிவ்ரே’ என்ற சிறு புத்தகம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்றும், அது இல்லாமல் பிரயாணம் செய்பவனை நாடோடியாகக் கருதிப் பிடிக்கலாம் என்றும் விதித்தார்கள். வேலையில் சேர்ந்த தேதி, நீங்கிய தேதி ஆகியவற்றோடு, முதலாளியிடம் அவன் வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு பாக்கி என்பதும் அதில் எழுதப்பட்டது; பாக்கியோடு போனவனை வேலைக்கு வைத்துக்கொண்ட புதிய முதலாளி, கூலியில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிடித்துப் பழைய முதலாளிக்கு அடைக்க வேண்டும். முன்பணம் முப்பது பிராங்குக்கு மேல் போகக் கூடாது என்று 1851இலும், தொழிலாளியின் குணதோஷத்தைப் பற்றி முதலாளி அதில் ஒன்றும் எழுதக் கூடாது என்று 1854இலும் திருத்தங்கள் வந்து, 1890இல் அந்தப் புத்தகம் அடியோடு ஒழிந்தது. ஒரு மனிதனுடைய யோக்கியதையை அறிவதற்கென்று தொடங்கிய ஏடு, அவனுடைய கடனை அளக்கும் ஏடாக மாறிவிட்டதைப் பிரான்சு தேசத்துக் கதையில் பார்க்கிறோம். இலங்கையில் நடந்ததை அறிந்துகொள்ள இது ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

இலங்கையில் ஆங்கிலேயர் இருவகை வேலையாட்களை வைத்திருந்தார்கள். பங்களாவில் சமைப்பவர், பரிமாறுபவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா முதலிய வீட்டு வேலைக்காரர் ஒரு வகை. இவர்களுக்காக 1871ஆம் ஆண்டில் 28ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. வேலைக்காரர் தம்மைப் பதிவு செய்துகொண்டு, தம் விவரங்கள் அடங்கிய சிறு பதிவுப் புத்தகம் ஒன்றைப் பெற்று வைத்திருக்க வேண்டும்; வேலைக்குச் சேர்ந்த நாளும், விலகிய நாளும், நடத்தையைப் பற்றி எஜமானர் கருதியதும் அதில் ஏறும். போலீஸ் இலாகாவின் மேற்பார்வையில் நடந்த இந்தப் பதிவு, ஒரு நகரத்தில் திருடிவிட்டு இன்னொரு நகரத்தில் புதுப்பெயரோடு வேலைக்குச் சேரும் ஆட்களைத் தடுக்கும் என்று சொல்லப்பட்டது. கடுமையான ஏற்பாடுதான், ஆயினும் அந்தப் புத்தகம் வேலைக்காரனுடைய கையில் இருந்தது, எழுதியிருப்பது இன்னதென்று எழுத்தறிந்த ஒருவரைக் கொண்டு வாசிக்கச் சொல்லி அவன் தெரிந்துகொள்ளவும் முடிந்தது. மற்றொரு வகையாராகிய தோட்டத் தொழிலாளருக்கு இந்த அளவு சௌகரியங்கூடக் கிடைக்கவில்லை.

கண்டிச் சீமையில் 1820களில் காப்பிப் பயிர் தொடங்கியது. காட்டை வெட்டித் தோட்டமாக்கவும், பழம் பறிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். கண்டியைச் சூழ்ந்த கிராமங்களில் சொந்த வயலும் சேனைப் புனமும் உடைய சிங்களக் குடியானவர்கள் அந்தக் கூலிக்கு வர விரும்பவில்லை. ஆகவே திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய சீமைகளிலிருந்து, மழை பொய்த்த ஆண்டுகளில் வயிறு காய்ந்த மக்கள், சிறு தோணிகளில் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீரும் நிழலும் அரிதான காட்டுப் பாதையில் நாட்கணக்காக நடந்து மாத்தளை வரை சென்றார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் கொண்டுபோய், அந்தப் பாதையோரத்தில் புதைந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். காப்பிப் பறிப்புக்கு ஒரு பருவம் உண்டு. அது முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இவர்களைப் பற்றித் துரைமார் விசாரித்தது யாரிடம் என்றால், கங்காணியிடந்தான்.

கங்காணி என்பவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அதே ஊர், அநேகமாக அதே சாதி, பலருக்கு மாமனோ மைத்துனனோ சிற்றப்பனோ ஆக வேண்டியவர். ஊருக்குப் போய், வழிச்செலவுக்கும் வீட்டில் விட்டுவரும் பெரியவர்களுடைய செலவுக்கும் முன்பணம் கொடுத்து, ஆளைத் திரட்டிக்கொண்டு வருபவர் அவரே. பிரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது தம் ஆட்களை நிறுத்துபவரும் அவரே. பத்துப் பதினைந்து பேரை வைத்திருந்தவர் சில்லறைக் கங்காணி. அத்தகையோர் பலரைத் தம் கீழ் வைத்திருந்தவர் பெரிய கங்காணி. ஒவ்வொரு நாளும் தம் ஆட்கள் வேலைக்குப் போன கணக்கின்படி அவருக்குத் தலைக்காசு உண்டு. துரைக்குத் தமிழ் அரைகுறை. தொழிலாளிக்கு ஆங்கிலம் இல்லை. எனவே, இவன் உழைப்பாளி, இவன் சோம்பேறி, இவன் சண்டைக்காரன், இவள் கைக்குழந்தைக்காரி என்று துரைக்கு எடுத்துச் சொல்லும் ஒரே வாய் கங்காணியின் வாய். கிராமத்து மிராசுதாரின் ஞாபகம் கடல் கடந்து வந்து கங்காணியின் உருவில் நின்றது என்று சொல்லலாம். அதில் கொஞ்சம் உறவின் ஈரமும் இருந்தது. ஊர் போனால் அந்தக் குடும்பங்களின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற அச்சமும் இருந்தது. ஆனால், முன்பணத்தைத் துரையிடமிருந்து வாங்கித் தன் கையால் கொடுத்துக் கணக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டவர், அந்தக் கணக்கை மற்றவர் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் இல்லாதபோது எப்படி நடந்துகொள்வார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தன் பெயரில் இருக்கும் கடன் எத்தனை ரூபாய் என்று தொழிலாளி கேட்கப் போனால், கங்காணி வாயால் சொன்னதுதான் தொகை.

1869இல் காப்பி இலையில் துருநோய் கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் பாழாயின. கூலி பாக்கியை விட்டுவிட்டு ஓடிய முதலாளிகளும் உண்டு. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் பயிரிட்ட தேயிலை, நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டிப் பரந்துவிட்டது. காப்பியைப் போல் தேயிலைக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. மழையிலும் பனியிலும் வாரந்தோறும் கொழுந்து எடுத்தாக வேண்டும். ஆகவே, வந்து திரும்பிய மக்கள் இப்போது லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடும்பத்தோடு தங்கி நிலைத்தார்கள். ஆளின் தேவை ஆண்டு முழுவதும் என்றாகிவிட்டது. நல்ல கூட்டம் ஒன்று அடுத்த தோட்டத்துக்கு எழுந்து போய்விட்டால் கொழுந்து முற்றி நஷ்டம் வந்துவிடும் என்ற பயமும் துரைமார்களுக்குப் பிடித்துக்கொண்டது. துண்டு முறை தழைத்தது இந்தப் பயத்தில்தான்.

சட்டம் துரைமார்களின் பக்கமே இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிலாளியின் ஒப்பந்தம் ஒரு மாதத்துக்கு உரியது. முன்னறிவிப்புக் கொடுக்காவிட்டால் மாதத்துக்கு மாதம் தானாகவே புதுப்பிக்கப்பட்டுவிடும். சொல்லாமல் வேலையை விட்டுப் போவது சிவில் வழக்கன்று, குற்றம். அதற்கு மூன்று மாதம் வரை சிறைவாசம். பிறருடைய ஆளைத் தெரிந்துகொண்டே தன்னிடம் சேர்த்துக்கொள்ளும் துரையும் குற்றவாளிதான். 1889இல் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கென்று 13ஆம் இலக்கச் சட்டம் தனியாக வந்து, பதிவேடு, வேலை விலகியதற்கான சீட்டு முதலியவற்றை முறைப்படுத்தியது. ஆக, புதிதாக வந்த கூட்டம் ஒன்றைப் பார்த்து, நீங்கள் எந்தத் தோட்டத்து ஆட்கள், அங்கே உங்களை விட்டுவிட்டார்களா என்று துரை கேட்டதில் அவருடைய சொந்தப் பாதுகாப்பும் அடங்கியிருந்தது. இந்தக் கேள்விக்குத் தொழிலாளி சொல்லும் விடை விடையாகாது. பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் ஒன்றே விடையாகும்.

அந்தக் காகிதந்தான் துண்டு. அதில் எழுதியிருக்கும் வாசகத்தின் சாரம் இவ்வளவே: இன்ன கங்காணியையும் அவருடைய ஆட்கள் இத்தனை பேரையும், அவர்கள் எனக்குத் தர வேண்டிய இத்தனை ரூபாயைக் கொடுத்துவிட்டால், விட்டுவிடச் சம்மதிக்கிறேன். கொழுந்து எடுப்பதிலும் கவாத்து வெட்டுவதிலும் இவர்கள் எப்படிப்பட்டவர்கள், இத்தனை வருஷம் என்னிடம் உழைத்தவர்கள், பெண்கள் இத்தனை பேர், நோயாளிகள் இத்தனை பேர் என்பவற்றுக்கெல்லாம் அந்தக் காகிதத்தில் இடமில்லை. வேலைக்கு எடுக்கும் துரை, வருகிறவர்களைப் பற்றி அறிந்துகொண்டது, தலையின் எண்ணிக்கையும் கடனின் தொகையும் ஆகிய இரண்டு எண்களைத்தான்.

துண்டைக் கையில் வாங்கிக்கொண்ட கங்காணி, தோட்டம் தோட்டமாகப் போய் அதைக் காட்டுவார். ஆள் வேண்டிய துரை, துண்டில் கண்ட தொகையைப் பழைய துரைக்குச் செலுத்தி, அதற்கு மேல் கங்காணிக்கும் ஒரு தொகை முன்பணமாகக் கொடுத்துக் கூட்டத்தை அழைத்துக்கொள்வார். செலுத்திய தொகையும் கொடுத்த முன்பணமும் சேர்ந்து புதிய தோட்டத்தில் அந்தக் கூட்டத்தின் கடனாகக் கணக்கில் ஏறும். இரண்டொரு ஆண்டு கழித்து மறுபடியும் ஒரு துண்டு. இப்போது தொகை முன்னிலும் பெரிது. இவ்வாறு, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு நடந்தபோதெல்லாம், தான் ஒரு காசும் கையால் தொடாமலே தொழிலாளி அதிகக் கடனாளியானான். 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரப்பர் விலை ஏறித் தாழ்நிலத்தில் புதுத் தோட்டங்கள் பெருகியபோது, ஆளுக்குப் போட்டி மிகுந்து, துண்டின் தொகைகள் விஷம்போல் ஏறின. கூட்டத்தை விட மனமில்லாத துரை, யாரும் கொடுக்கத் துணியாத தொகையை எழுதி வைப்பதும், தொல்லை தீர்ந்தால் போதும் என்று கருதியவர் குறைத்து எழுதி அனுப்புவதும் இந்த முறையிலேயே அடங்கியிருந்த வழிகள். நல்ல ஆட்களுக்கு விலங்கு பெரிதாகவும், மற்றவர்களுக்குச் சிறிதாகவும் அமைந்த ஒரு விசாரணை முறையை, யோக்கியதையை அறியும் முறை என்று எந்த நியாயத்தைக் கொண்டு சொல்வது?

இதைச் சொல்லும்போது கங்காணியை மட்டும் பழித்துவிட்டு மேலே போய்விடுவது எளிது. அவ்வாறு பலர் செய்தும் இருக்கிறார்கள். கங்காணி வாங்கிய முன்பணத்தில் பெரும்பகுதி ஊரில் நிலமாகவும் வீடாகவும் மாறியது மெய். ஆனால், அந்த முன்பணத்தைக் கொடுத்தவர்கள் துரைமார். துண்டை எழுதியவர்கள் துரைமார். 1854 முதல் கண்டியில் தோட்ட முதலாளிகள் சங்கம் அமைத்து, ஆள் பஞ்சத்தைப் பற்றி ஓயாமல் தீர்மானம் நிறைவேற்றி வந்தவர்களும் அவர்களே. ஒருவர் ஆளை ஒருவர் இழுக்கும் பழக்கத்தை எல்லாரும் கூட்டத்தில் கண்டித்துவிட்டு, தோட்டத்துக்குத் திரும்பியதும் வாசலில் துண்டோடு நிற்கும் கங்காணியை உள்ளே அழைத்தார்கள். குற்றம் ஒரு மனிதனுடையதன்று. கூட்டத்தைக் கடனால் கட்டி வைப்பதைத் தவிர வேறு வழி அறியாத ஒரு தொழிலின் அமைப்பு முழுவதினுடையது.

இந்தியக் கரையிலும் விசாரணைக்கு ஏற்பாடுகள் வளர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர வில்லை முறை வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த தகர வில்லைகளைக் கங்காணி ஊருக்குக் கொண்டுபோய், திரட்டிய ஆட்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பார். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டவன் வழியில் காசு கொடுக்காமல் ரயிலிலும் கப்பலிலும் ஏறிப் போகலாம். செலவு முழுவதும் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். வழியில் களவாடப்பட்ட முன்பணங்களும், வேறொரு தோட்டத்தார் வழிமறித்து ஆளைக் கொண்டுபோவதும் இதனால் குறைந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1904இல் தோட்ட முதலாளிகள் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் என்ற காரியாலயத்தை நிறுவினார்கள். அதன் கிளைகள் தமிழ்ச் சீமை எங்கும் பரவின. தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், 1914இல் தனுஷ்கோடி ரயில் வழி திறந்த பிறகு மண்டபத்திலும் அமைந்த முகாம்களில், கப்பலேறுவதற்கு முன் ஆட்களைத் தங்க வைத்து அம்மை குத்தி, உடம்பைச் சோதித்து, பெயரையும் தகப்பன் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார்கள். வருகிறவன் புது ஆளா, முன்பே இலங்கைக்குப் போய்த் திரும்பிய பழைய ஆளா என்று அங்கே பிரித்தார்கள். பழைய ஆள் என்றால் அவனுக்குப் பின்னால் ஒரு தோட்டமும் ஒரு கடனும் இருக்கக் கூடும் அல்லவா?

இந்த நிலையைப் பற்றி விசாரித்தவர்களும் இருந்தார்கள். சென்னை அரசாங்கத்தார் அனுப்பிய மார்ஜோரிபாங்க்ஸ் என்ற அதிகாரியும் அகமது தம்பி மரைக்காயரும் இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் சென்று பார்த்து 1917இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஆயினும், இலங்கைக்குள்ளேயே இருந்து இதை ஒரு தர்ம யுத்தமாக நடத்தியவர் என்று நான் கருதுவது சர் பொன்னம்பலம் அருணாசலத்தையே. யாழ்ப்பாணத்துப் பெருங்குடியில் 1853இல் பிறந்து, சிவில் உத்தியோகத்தில் உயர்ந்து, பதிவாளர் நாயகமாக இருந்து 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பை நடத்தியவர் அவர். மக்களைப் பதிவு செய்வது என்றால் என்ன என்பதை அவரைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் அந்தத் தீவில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. ஒரு மனிதனைப் பற்றி எழுதி வைக்கும் ஏடு அவனுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கலாம், அவனைப் பிணிக்கும் கயிறாகவும் இருக்கலாம் என்று கண்ட அந்தப் பெரியவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவி, வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கிய சட்டத்தையும் துண்டு முறையையும் எதிர்த்து இடைவிடாமல் எழுதியும் பேசியும் வந்தார். லயத்தில் கிடந்த கொழுந்துக்காரிக்கும் கொழும்புச் சபைகளில் வீற்றிருந்த அந்தப் பிரமுகருக்கும் இடையே எந்த உறவும் கிடையாது. அவளுக்காகப் பேசியதால் அவருக்கு வந்தது முதலாளிகளின் வெறுப்பு ஒன்றே. இத்தகையவர்களை நினைக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டைத் தடை செய்தது. அதற்கு அடுத்த ஆண்டில் இந்திய அரசாங்கம் குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றி, இலங்கைக்கு ஆள் அனுப்புவதென்றால் இன்ன இன்ன நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும் என்று வற்புறுத்தியது. 1923இல் இலங்கையில் புதிய சட்டம் வந்து, ஆள் திரட்டும் செலவைத் தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து செலுத்தும் பொது நிதியின் தலையில் ஏற்றியது. ஊரிலிருந்து வருகிறவன் கடனோடு வந்து இறங்கக் கூடாது என்ற கொள்கை முதன்முதலாக ஏற்கப்பட்டது. பழைய கடன்களில் பெருந்தொகைகளைத் துரைமார் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. கண்டியில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் வந்து அமர்ந்தார். தமிழ்நாட்டுக் கிராமத்தில் கங்காணி சேர்க்கும் ஆளைக் கிராம முன்சீபின் முன் கொண்டுபோய் நிறுத்தி, இவன் இன்னான், தன் இஷ்டத்தோடுதான் போகிறான் என்று சாட்சி பெறுவதும் வழக்கில் வந்தது. முன்சீபுடைய கையொப்பத்தால் ஏமாற்றி அழைத்துச் செல்லப்படுவது குறைந்தது; வீட்டாருக்குத் தெரியாமல் சிறு பையன்களையும் பெண்களையும் கொண்டுபோவதற்கும் தடை ஏற்பட்டது. ஆனால், கங்காணியும் துரையும் சொன்னதோடு முன்சீபும் சொல்லலானார் என்பதே அதன் பொருள். போகிறவன் சொல்லுக்கு மதிப்பு அப்போதும் வரவில்லை.

துண்டு ஒழிந்த பிறகும் பற்றுச்சீட்டு நின்றது. தோட்டத்தை விட்டு நீங்குபவனுக்குத் துரை கையெழுத்திட்டுக் கொடுக்கும் விலகற்சீட்டையே தோட்டத்து மக்கள் இப்படி அழைத்தார்கள். பேச்சில் அது பத்துச்சீட்டு என்று ஒலிக்கும். கடன் கணக்கு அதில் இல்லை என்பது உண்மை. ஆனால், பற்றுச்சீட்டு இல்லாதவனுக்கு அடுத்த தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள்; பற்றுச்சீட்டு உள்ளவனைப் பற்றியும், ஏன் விலக்கினார்கள் என்று ஒரு துரை மற்றொரு துரையைக் கேட்டு அறிந்துகொள்வது எளிதாக இருந்தது. வேலை போனால் லயத்து அறையும் போகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மாலைக்குள் அண்டாவையும் பாயையும் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தைகளோடு பெருந்தெருவில் இறங்கி நிற்கும் குடும்பத்துக்கு, அந்தச் சீட்டைத் தருவதும் மறுப்பதும் ஒரு நாளின் உணவைத் தருவதும் மறுப்பதும் போன்றதே.

தொழிற்சங்கங்கள் தலையெடுத்தபோது இந்தச் சீட்டு முதலாளிகளின் ஆயுதமாயிற்று. தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர், அந்நியர் நுழையக் கூடாத தோட்டங்களுக்குள் துணி விற்பவராக வேஷமிட்டுச் சென்று தொழிலாளரைக் கண்டு பேசிய செய்தியை மலைநாட்டார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். 1931இல் அவர் நிறுவிய அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தில் சேர்ந்தவர்களும், பின்னர் 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சார்ந்த சங்கத்தில் சேர்ந்தவர்களும், முதலில் எதிர்பார்க்க வேண்டியிருந்தது பற்றுச்சீட்டைத்தான். சங்கம் அமைப்பவன் என்று பெயர் எடுத்தவனுக்குப் பக்கத்துத் தோட்டத்தின் வாசலும் மூடியிருக்கும். வேலைக்கு எடுப்பவரின் விசாரணை, திருடனையும் சோம்பேறியையும் விலக்குவதற்காக என்று தொடங்கி, நியாயம் கேட்பவனை விலக்குவதில் வந்து நின்றது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி போலீசாரின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்; அந்த ஆண்டிலேயே முதலாளிகளும் சங்கங்களும் அமர்ந்து பேசி ஏழு அம்ச உடன்படிக்கை ஒன்றுக்கு வந்தார்கள். தோட்டத்துக்குள் சங்கம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட பொருளாயிற்று.

சரித்திரம் இங்கே முடிந்திருக்குமானால் ஆறுதலாக இருந்திருக்கும். சுதந்திரம் பெற்ற இலங்கை, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இந்த மக்களை அந்நியராக்கிற்று. அடுத்த ஆண்டில், இந்திய பாகிஸ்தானிய வம்சாவளியினர் மனுப்போட்டுப் பிரஜைகளாகலாம் என்று ஒரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும், இடையறாமல் இலங்கையில் வாழ்ந்தவர் என்று நிரூபிக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊர் போய்த் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகும். சாகக் கிடந்த தாயைப் பார்க்கப் போய், கருமாதி முடித்து, அறுவடை வரை தங்கித் திரும்பியவன், அதை அந்தச் சமயத்தில் எங்கே எழுதி வைத்தான்? எழுத்தறியாத இந்த மக்களுடைய ஆயுளுக்குச் சாட்சியாக இருந்தவை தோட்டத்துச் செக்ரோல் என்ற அன்றாட வேலைக் கணக்கேடும், பேர்ப் பதிவேடும், பழைய விலகற்சீட்டுகளுமே. கணக்கப்பிள்ளை தம் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் மனுவில் கண்ட பெயரோடு ஒத்துவராமல் போகலாம். தோட்டம் கைமாறியபோது பழைய ஏடுகள் தொலைந்தும் போகலாம். முன்பு வேலைக்காகத் துரையின் காகிதத்தை எதிர்பார்த்து நின்றவர்கள், இப்போது நாட்டுக்காக அதே காகிதத்தை எதிர்பார்த்து நின்றார்கள். மனுக்களில் அடங்கியவர்கள் எட்டு லட்சம் பேருக்கு மேல். பிரஜையானவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேர்.

மற்றவர்களில் பெரும்பாலோருடைய கதியை 1964 அக்டோபர் 30ஆம் தேதி இரு நாட்டுப் பிரதம மந்திரிகள் செய்துகொண்ட உடன்படிக்கை தீர்மானித்தது: ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள், தங்கள் பாட்டன்மார் கழுத்தில் தகர வில்லையோடு தங்கியிருந்த அதே மண்டபம் முகாமில் தங்கினார்கள். அவர்களுடைய கையில் இருந்தது குடும்ப அட்டை. நீலகிரி மாவட்டத்தில் தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழக அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆள் எடுப்பதற்கு அந்த அட்டையே ஆதாரமாயிற்று. இத்தகைய விசாரணைகளின் சரித்திரத்தில், எங்கிருந்து வந்தாய் என்ற கேள்வி ஒருவனை உள்ளே அழைப்பதற்காகவே கேட்கப்பட்ட அபூர்வமான சந்தர்ப்பங்களில் இது ஒன்று. ஆயினும், வந்தவர்கள் அனைவருக்கும் அங்கே இடம் இருக்கவில்லை. கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தனியார் தோட்டங்களில் அன்றாடக் கூலிகளாகச் சேர்ந்தவர்களும், அட்டையை வட்டிக்கடையில் அடகு வைத்தவர்களும் மிகப் பலர்.

இலங்கையில் தங்கிவிட்டவர்களில் நாடற்றவர்களாக இருந்தவர்களுக்கு 1988இல் ஒரு சட்டமும், 2003 அக்டோபரில் மற்றொரு சட்டமும் பிரஜாவுரிமை அளித்தன. பின்னதன்படி, 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை நாள் முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய சந்ததியாரும் பிரஜைகள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள், இந்நாட்டிலேயே இருக்க விரும்புகிறேன் என்று தாமே பிரகடனம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். செக்ரோலைத் தேடித் துரையின் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டிய அவசியம் அந்தச் சட்டத்தில் இல்லை.